லாங்வுட் சோலையில் ஓடையோர மண்ணின் இரும்பு எங்கே போனது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் கோத்தகிரியில், லாங்வுட் சோலை என்ற மலைக்காட்டில் மேட்டிலிருந்து ஓடை வரை நான்கு இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்திருக்கிறீர்கள். நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, 10 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. நீர் விட்டு, ஒரு மணி நேரம் குலுக்கி, வாட்மேன் 42 தாளில் வடிகட்டி, சுடரில் எரித்துத் தனிமங்களை அளக்கும் ஏ.ஏ.எஸ். கருவியில் பார்த்திருக்கிறீர்கள். கால்சியமும் மெக்னீசியமும் கீழே இறங்க இறங்கக் கூடுகின்றன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இரும்பும் அலுமினியமும் மேட்டில் அதிகம், ஓடையோரச் சேற்றில் குறைவு. மாங்கனீசு மட்டும் சேற்றில் எகிறி நிற்கிறது. நீர் தேங்கும் இடத்தில்தானே இரும்பு கரையும், கணக்கு ஏன் தலைகீழாக வருகிறது என்று கேட்கிறீர்கள்.

கருவி மேல் பழி போட வேண்டாம். இரண்டு தவறுகள் எதிரெதிர் திசையில் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. ஓடையோர மண்ணிலிருந்த கரைந்த இரும்பு, உலர்த்திய நாட்களிலேயே துருவாகி உட்கார்ந்துவிட்டது. மேட்டு மண்ணில் நீங்கள் அளந்த இரும்பு கரைந்த இரும்பே இல்லை. வடிதாளைத் தாண்டி வந்த நுண்களி.

முதலில் ஓடையோரம். மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து காற்று போனதும், நுண்ணுயிர்கள் சுவாசத்துக்கு வேறு வழி தேடுகின்றன. நைட்ரேட்டை முதலில் தீர்க்கும், அடுத்து மாங்கனீசு ஆக்சைடு, பிறகு இரும்பு ஆக்சைடு, கடைசியில் சல்பேட். அந்த வரிசையில் இரும்பின் முறை வரும்போது அது இரண்டு மின்னூட்ட இரும்பாக மாறி நீரில் கரைகிறது. அந்தச் சேற்றில் ஒரு கட்டியைப் பிட்டுப் பாருங்கள். உள்முகம் சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் இருக்கும். மேசை மேல் வைத்துவிட்டு வந்து பார்த்தால் வேர்த்தடங்களை ஒட்டி ஆரஞ்சுக் கோடுகள் விழுந்திருக்கும். உங்கள் இரும்பு போன வழி அதுதான். செய்தித்தாளில் பரப்பி ஒரு வாரம் காயவைத்தால் மிச்சம் எதுவும் இருக்காது. போகிற போக்கில் பாஸ்பேட்டையும் தன்மேல் ஒட்டிக்கொண்டு போகும். ஓடையோரத்தில் பாஸ்பரசும் குறைவாக வந்திருந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

மாங்கனீசு நேர்மாறு. அமில மண்ணில் காற்று பட்ட மாத்திரத்தில் அது துருவாவதில்லை. மண் உலரும்போது, கரிமப் பொருள் ஆக்சைடைச் சிதைத்துக் கரையும் மாங்கனீசைக் கூட்டிவிடுகிறது. ஆக இரும்பு குறைந்து மாங்கனீசு எகிறியது இரண்டுக்கும் உங்கள் உலர்த்தும் தட்டுதான் பொறுப்பு.

நீலகிரி மேட்டுநில மண்ணுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. சோலைக்கு அடியில் இருக்கும் கறுப்பு மேல்மண்ணில் அலுமினியமும் மக்கும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. எரிமலைச் சாம்பல் இல்லாமலேயே எரிமலை மண்ணின் குணம் காட்டும் மண் இது. தொட்டால் பஞ்சு போல் இருக்கும், நிறைய நீர் பிடிக்கும். ஒருமுறை முழுதும் காய்ந்துவிட்டால் குறுணை குறுணையாக இறுகிவிடும். மறுபடி நனைத்தாலும் பழைய நிலைக்கு வராது. சமவெளி வயல் மண்ணுக்கு எழுதிய செய்முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அடி வாங்குவது இந்த இடத்தில்தான்.

இனி மேடு. வாட்மேன் 42 தாள் பிடிப்பது சுமார் 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை. களிமண் என்று நாம் சொல்வதே 2 மைக்ரானுக்குக் கீழே. மழை அலசி அலசி உப்பெல்லாம் போன மேட்டு மண்ணை அயனி நீக்கிய நீரில் குலுக்கினால், துகள்களை ஒட்டவைத்திருந்த கொஞ்ச உப்பும் நீர்த்துப்போய், மக்கு பூசிய நுண்களி பிரிந்து மிதக்கும். தாள் அதை விட்டுவிடும். ஏ.ஏ.எஸ். சுடருக்குக் கரைந்த இரும்பு எது, களியோடு வந்த இரும்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே போனதையெல்லாம் எரித்து எண் கொடுக்கும்.

இதைச் சரிபார்க்கப் புதிதாக ஒரு செலவும் வேண்டாம். வடிநீரின் மின்கடத்துதிறனை அளந்திருப்பீர்கள். டெசிசீமன்ஸ்/மீட்டரில் வரும் எண்ணை 10-ஆல் பெருக்கினால், லிட்டருக்கு எத்தனை மில்லிசமானம் (மின்னூட்டத்தை வைத்து எண்ணும் அளவு) நேர்மின் அயனிகள் இருக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். கணக்குக்காக ஒரு வடிநீரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்குக் கால்சியம் 2, மெக்னீசியம் 1, பொட்டாசியம் 4, சோடியம் 3 மி.கி. மில்லிசமானத்தில் முறையே 0.10, 0.08, 0.10, 0.13, கூட்டினால் 0.41. கடத்துதிறன் 0.05 என்று காட்டினால் பத்து மடங்கு 0.5. இரண்டும் ஒத்துப்போகின்றன. இதே வடிநீரில் இரும்பு 8, அலுமினியம் 10 மி.கி. என்று கருவி சொல்கிறது என்று வையுங்கள். அவை உண்மையிலேயே அயனிகளாக இருந்தால் 0.43-உம் 1.11-உம் சேர்ந்து மொத்தம் 1.95 ஆகிவிடும், கடத்துதிறன் 0.2 அளவுக்கு வந்திருக்க வேண்டும். மீட்டர் 0.05-இலேயே நிற்கிறதென்றால் அந்த இரும்பும் அலுமினியமும் அயனிகளாக நீந்தவில்லை. உங்கள் மேட்டு மாதிரிகளுக்கு இந்தக் கணக்கை இன்றே போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அயனியாக இல்லை என்பதாலேயே களி என்று முடிவு கட்ட முடியாது. சோலை மண்ணின் கரிம அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் கவ்விக்கொண்டு மெய்யாகவே கரைந்திருக்கும். வடிநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். இரண்டையும் பிரிக்க, அதே வடிநீரை 0.45 மைக்ரான் சவ்விலும், அடுத்து 0.2 மைக்ரான் சவ்விலும் வடித்து அளந்து பாருங்கள். எண் மளமளவென்று இறங்கினால் களி. நிறமும் எண்ணும் அப்படியே இருந்தால் கரிமக் கூட்டு. பல தனிமங்களைச் சேர்த்தே அளக்கும் ஐ.சி.பி. கருவி கிடைத்தால் டைட்டானியத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். டைட்டானியம் மண்நீரில் கரைவது இல்லை என்றே சொல்லலாம். வடிநீரில் அது தென்பட்டால் தாளைத் தாண்டிக் களி வந்திருக்கிறது என்று பொருள். இருட்டறையில் லேசர் சுட்டியை வடிநீரின் ஊடாக விட்டுப் பார்ப்பதும் பரவாயில்லாத சோதனைதான். ஒளிப்பாதை கோடாகத் தெரிந்தால் மிதப்பது துகள்.

இன்னொன்று, அமிலம் சேர்க்கும் இடம். உலோகங்கள் புட்டிச் சுவரில் ஒட்டாமல் இருக்க 50 மி.லி. வடிநீருக்கு 0.5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் விடுவது வழக்கம். அதை வடிகட்டிய பிறகுதான் விட வேண்டும். கலங்கிய நீரில் முதலில் அமிலத்தை விட்டுவிட்டு அப்புறம் வடித்தால், களியிலிருக்கும் இரும்பைக் கரைத்து ‘நீரில் கரைந்தது’ என்று நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள். குளோரைடு, நைட்ரேட், சல்பேட் பார்க்க வைக்கும் பங்கில் அமிலமே கூடாது.

மறுபடி செய்வதானால், மண்ணை ஈரமாகவே வைத்து, 4 டிகிரி குளிரில், 48 மணி நேரத்துக்குள் சாறு எடுத்துவிடுங்கள். ஈரமண்ணில் பெரும்பாலோர் வழுக்குவது கணக்கில். சோலை மேல்மண்ணில் உலர்எடைக்கு 60 சதவீதம் நீர் இருக்கிறது என்று கொள்வோம். 10 கிராம் ஈரமண் என்றால் உலர்மண் 6.25 கிராம், அதிலேயே இருக்கும் நீர் 3.75 கிராம். 50 மி.லி. விட்டால் மொத்த நீர் 53.75 மி.லி. கால்சியம் லிட்டருக்கு 2 மி.கி. என்று வந்தால், கிலோ உலர்மண்ணுக்கு 17.2 மி.கி. ஈரத்தை மறந்து 50-ஐ 10-ஆல் வகுத்தால் 10 மி.கி. என்று வரும். மேட்டில் ஈரம் குறைவு, பள்ளத்தில் அதிகம். அதனால் இந்தத் தவறு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது, பள்ளத்தின் எண்ணை மட்டும் அதிகமாகக் கீழே இழுக்கும்.

இன்னும் நல்ல வழி, 10 கிராம் உலர்மண்ணுக்குச் சமமான ஈரமண்ணை எடுப்பது. மேற்படி மண்ணில் அது 16 கிராம். அதில் 6 கிராம் நீர் ஏற்கெனவே உண்டு, மேலே 44 மி.லி. விட்டால் மண்ணுக்கு நீர் 1:5 என்ற விகிதம் சரியாக நிற்கும். விகிதத்தை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றால், நீர் கூடக் கூடக் கரைவதும் கூடும். முதல் டிக்காஷன், இரண்டாம் டிக்காஷன் கதைதான். 1:2-இல் வந்த எண்ணையும் 1:5-இல் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஈரம் அறிய ஒரு தனிப் பங்கை 105 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் போதும். அந்தப் பங்கைச் சாறு எடுக்கப் பயன்படுத்தாதீர்கள்.

சேற்று மண்ணுக்குத் தனிப் பக்குவம். 60 மி.லி. ஊசிக்குழாயின் முனையை வெட்டிவிட்டு மண்ணில் அழுத்தினால் காற்றுப் படாத உருளை ஒன்று கிடைக்கும். வாயை உடனே அடைத்து, காற்றைப் பிதுக்கிய இரட்டைப் பையில் போடுங்கள். சாறெடுக்கும் நீரில் அரைமணி நேரம் நைட்ரஜன் வாயுவை ஊதவிடலாம்; அந்த வசதி இல்லையென்றால் 15 நிமிடம் கொதிக்கவைத்து, மூடிய குடுவையிலேயே ஆறவைத்த நீர் போதும். மையவிலக்கிக் குழாயை விளிம்பு வரை நிரப்பி மூடிக் குலுக்குங்கள். சுழற்றி எடுத்ததும் ஊசிக்குழாயோடு இணைத்த சவ்வில் வடித்து, அந்த நிமிடமே அமிலம். காட்டிலேயே ஒரு அறிகுறி வேண்டுமானால், டைபிரிடில் என்ற சோதனை வேதிப்பொருளில் தோய்த்த தாளைப் புதிதாகப் பிட்ட முகத்தில் ஒற்றுங்கள். சிவப்பேறினால் அங்கே கரைந்த இரும்பு இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தை இவ்வளவு திருத்திய பிறகும், இடத்தேர்வு சரியில்லை என்றால் பாடு வீண். நீலகிரியில் மேடு, பள்ளம் என்பதோடு தாவரமும் சேர்ந்தே மாறுகிறது. முதுகுகளில் புல், காற்று மறைந்த மடிப்புகளில் சோலை, உறைபனி தேங்கும் தட்டையான பள்ளங்களில் மறுபடி புல்லும் சேறும். முகட்டுப் புல்வெளியில் ஒரு குழி, மடிப்புச் சோலையில் ஒரு குழி என்று எடுத்தால் நீங்கள் பார்ப்பது நில அமைப்பின் வேலையா, மரத்தின் வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது. பொட்டாசியம் இதற்கு நல்ல சாட்சி. மழையும் மஞ்சும் இலையில் பட்டுச் சொட்டும்போதே அது கழுவப்பட்டு இறங்கிவிடும்; ஆகவே மர நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே மேல்மண்ணில் கூடுதலாக இருக்கும், மேடானாலும் பள்ளமானாலும். லாங்வுட்டில் முழுச் சரிவும் சோலைக்குள்ளேயே அமைவது உங்களுக்கு வாய்த்த வசதி. அதை விட்டுவிட்டுச் சீகை (வாட்டில்) மரத்தோப்பிலும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தோப்பிலும் ஒரு குழி சேர்த்துவிடாதீர்கள். சீகை காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் மரம். அதன் கீழே நைட்ரேட்டும் அமிலத்தன்மையும் தனிக் கதை சொல்லும்.

உயரத்தை விடச் சரிவின் வளைவைப் பாருங்கள். ஒரே உயரத்தில், புடைத்த முதுகில் நீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும். குழிந்த மடிப்பில் நாலா பக்கத்து நீரும் வந்து சேரும். நீலகிரியின் சார்னோக்கைட் பாறை ஆழமாகச் சிதைந்து கிடக்கிறது. மேலிருந்து இறங்கும் நீர், மண்ணும் மக்கிய பாறையும் சந்திக்கும் தளத்தில் பக்கவாட்டாக நகர்ந்து, சரிவு தணியும் இடத்தில் ஊற்றாகக் கசியும். அந்த ஊற்றுக்கு மேலே 5 மீட்டர், கீழே 5 மீட்டர் எடுத்த இரண்டு குழிகளுக்குள் இருக்கும் வேறுபாடு, முகட்டுக்கும் நடுச்சரிவுக்கும் இருப்பதை விட அதிகமாக இருக்கலாம். எனவே முகடு, புடைப்பு, நடுச்சரிவு, அடிச்சரிவு, சேறு என்று ஐந்தாகப் பிரித்து, ஊற்று எங்கே என்று குறித்துக்கொண்டு, அதன் நீரிலும் ஒரு புட்டி எடுத்துவிடுங்கள். மண்ணில் சாறு பிழிந்து ஊகிப்பதைக் கசிநீர் நேராகவே சொல்லிவிடும்.

சுற்றிலும் தேயிலை. தோட்டத்தில் போடும் டோலமைட்டும் பொட்டாஷும் தூசியாகவும் வழிநீராகவும் சோலை ஓரத்துக்கு வரும். விளிம்பிலிருந்து 50 மீட்டராவது உள்ளே போங்கள். கான்கிரீட் தடுப்பு, குடிநீர்த் தொட்டி பக்கமும் வேண்டாம். சிமெண்டிலிருந்து கால்சியம் கசியும். காட்டுமாடு சாணம் போட்ட இடத்தை விலக்குங்கள்.

மாசு பற்றி இன்னும் சில. துத்தநாகம் பார்க்கிறவர், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியில் மண் கலக்கக் கூடாது. பித்தளைச் சல்லடை தாமிரத்தையும் துத்தநாகத்தையும் கொடுக்கும். மண்வெட்டியால் குழி தோண்டலாம், ஆனால் மாதிரி எடுக்கும் முகத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் ஒரு விரற்கடை சுரண்டிவிட்டு எடுங்கள். சிலிக்கா, சோடியம், போரான் மூன்றுக்கும் கண்ணாடிப் புட்டி ஆகாது. வடிதாளையே முதலில் 20 மி.லி. நீரால் அலசிக் கொட்டிவிட வேண்டும். பிறகு நம் ஊர்ப் பிரச்சினை: அட்டை. காலில் உப்போ புகையிலையோ சுண்ணாம்போ தடவிக்கொண்டு இறங்குகிற வழக்கம் உண்டு. அதே கையோடு மண்ணைத் தொட்டால் வடிநீரில் வரும் சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் கால்சியமும் உங்கள் காலிலிருந்து வந்தவை. தடவுகிறவர் ஒருவர், மண் எடுக்கிறவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மண் எடுக்கிறவர் பவுடர் இல்லாத கையுறை போடட்டும்.

நாள் குறிப்பதில்: கோத்தகிரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் வரும், வடகிழக்கும் நன்றாகவே வரும். கோடை மழைக்கு முன் மார்ச்சில் ஒரு சுற்று, ஜூலையில் ஒன்று, நவம்பரில் ஒன்று. பெருமழைக்குப் பிறகு இரண்டு நாள் விட்டால் ஓடுகிற நீர் வடிந்திருக்கும். நீண்ட வறட்சிக்குப் பின் விழும் முதல் மழையை ஒட்டி எடுக்காதீர்கள். செத்த நுண்ணுயிர்களின் சாரம் கரைந்து நைட்ரேட்டும் பொட்டாசியமும் ஒரேயடியாகக் குதித்து நிற்கும். ஒரு சரிவின் ஐந்து இடங்களையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். மேலே நடமாடினால் மண் கீழே சரியும் என்பதால் கீழிருந்து மேலே போவதுதான் பொது முறை. சேற்று மாதிரிக்கு இது ஒத்துவராது. அதை எவ்வளவு சீக்கிரம் ஆய்வுக்கூடம் சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது. எனவே அதைக் கடைசியில், பக்கவாட்டில் வந்து எடுங்கள்.

எண்ணிக்கை மலைப்பைத் தரும். மூன்று சரிவு, ஐந்து இடம், இடத்துக்கு மூன்று குழி, 0–10, 10–30, 30–60 என மூன்று ஆழம்: 135 மாதிரி. எல்லாவற்றுக்கும் பி.எச்., கடத்துதிறன், ஈரம் மட்டும் பாருங்கள், செலவு அதிகமில்லை. அதன்பின் இடத்துக்கு மூன்று குழிகளையும் ஆழவாரியாகக் கலந்தால் 45 ஆகும், அவற்றை மட்டும் ஐ.சி.பி.-க்கு அனுப்பலாம். கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்து எடுக்க முயல வேண்டாம். இவ்வளவு நீர்த்த வடிநீரில் அது தடுமாறும். கரிம நிறம் நிறமாற்றத்தையே மறைத்துவிடும். சருகை மண்ணோடு கலக்காமல் தனிப்பையில் எடுங்கள். மண்ணின் அடர்த்தியை அறிய, கன அளவு தெரிந்த உருளை ஒன்றையும் மண்ணில் அடித்து எடுத்துவிடுங்கள். சோலை மேல்மண் லேசானது, கிலோவுக்கு இவ்வளவு என்று சொன்னால் மேட்டுக் களிமண்ணோடு ஒப்பிட முடியாது. கிலோவுக்கு மி.கி., அடர்த்தி (கன செ.மீ.க்குக் கிராம்), செ.மீ. ஆழம், 0.1 நான்கையும் பெருக்கினால் எக்டருக்குக் கிலோ. 17.2 மி.கி., அடர்த்தி 0.7, ஆழம் 10 என்றால் 12 கிலோ.

இத்தனையும் சரியாகச் செய்தால் என்ன எதிர்பார்க்கலாம்? ‘பள்ளத்தில் எல்லாம் கூடும்’ என்று ஒரே வாக்கியத்தில் அடங்காது. கால்சியம், மெக்னீசியம், சோடியம், சிலிக்கா அடிச்சரிவில் கூடும். மேட்டிலிருந்து சிலிக்கா அலசிப் போய்த்தான் அங்கே கிப்சைட் என்ற அலுமினியக் கனிமம் மிஞ்சுகிறது. கீழே வந்து சேரும் சிலிக்கா, கயோலினைட் என்ற களிக்கனிமத்துக்கு இடம் கொடுக்கிறது. அலுமினியம் பி.எச். 5-க்குக் கீழே போன இடத்தில், அல்லது கரிமம் மிகுந்த இடத்தில். சல்பேட்டை மேட்டின் அடிமண் ஆக்சைடுகள் பிடித்து வைக்கும். சேற்றில் அது சல்பைடாகி அழுகிய முட்டை நாற்றத்தோடு மறையும். நைட்ரேட்டும் சேற்றில் வாயுவாகிப் போகும். இரும்பு சேற்றில் ஏறும், மாங்கனீசு அதற்குச் சற்று மேலேயே, நீர்மட்டம் ஏறி இறங்கும் விளிம்பிலேயே ஏறத் தொடங்கும். நேர்மின் அயனிகளின் கூட்டலுக்குக் குளோரைடு, சல்பேட், நைட்ரேட் கூட்டல் எட்டவில்லை என்றால் பதற வேண்டாம். அமில மண்ணில் பைகார்பனேட் இருக்காது. அந்த இடைவெளி கரிம அமிலங்களுடையது.

உலர்த்தி வைத்திருக்கும் பழைய மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். அமோனியம் அசிடேட்டில் பரிமாற்ற (மண்துகளில் ஒட்டியிருந்து இடம் மாறக்கூடிய) கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் பார்க்க அது போதும். ஆக்சலேட் சாற்றில் அலுமினியமும் இரும்பும் பார்த்து, அலுமினிய சதவீதத்தோடு இரும்பில் பாதியைக் கூட்டுங்கள். 2 அல்லது அதற்கு மேல் வந்தால், எரிமலை மண்ணின் குணம் என்று மேலே சொன்னது உங்கள் சரிவுக்கும் பொருந்தக்கூடும். பழைய அட்டவணையில் சோடியம், குளோரைடு பத்திகளை வைத்துக்கொள்ளலாம். கால்சியம், மெக்னீசியத்தை ‘உலர்மண், வாட்மேன் 42’ என்ற குறிப்போடு வைக்கலாம். இரும்பு, அலுமினியம், மாங்கனீசு, பாஸ்பரஸ் பத்திகளை அடித்துவிடுங்கள். காட்டுக்குள் மறுபடி இறங்க வனத்துறையிடம் வாங்கிய அனுமதியில் தேதி முடிந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.